மூன்றாம் நாள் தடுமாறிய நாடி

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் என் தமையனாருக்கு இத் தலைநகரில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் திருநெல்வேலிச் சீமையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 71. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் மூன்றில் அடைப்பு இருந்தது. மார்பின் உட்புறத்துக் குழாய் ஒன்றையும் காலிலிருந்து எடுத்த குழாயையும் கொண்டு டாக்டர்கள் இரத்தத்திற்கு மாற்று வழி அமைத்தார்கள். 'பைபாஸ்' என்று இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் சிகிச்சை இதுவே.

"இதற்காகவா தில்லி வரை வந்தார்? சென்னையில் இல்லாத டாக்டரா?" என்று சங்க நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. இந்தியாவில் முதன்முதலாக இச் சிகிச்சை நடந்த இடமே சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனைதான். 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் அதைச் செய்தார். ஆனால் அண்ணனின் மகன் இருப்பது இங்கே; நான் இருப்பது இங்கே. வயதான காலத்தில் பிள்ளைகள் இருக்குமிடம்தானே பெற்றோருக்கு ஊர்?

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாள் அண்ணன் எங்களை அடையாளம் கண்டு பேசினார். இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, மருத்துவமனை தந்த கிச்சடியைத் தள்ளி வைத்துவிட்டு இட்லி கேட்டார். அன்று மாலை அவரைத் தனிக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து சாதாரணப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை, துணைக்கு இருந்த என் பேரனிடம், "என்னவோ படபடப்பாக இருக்கிறதப்பா. கூட்டில் அடைபட்ட குருவி மாதிரி நெஞ்சுக்குள் அடித்துக்கொள்கிறது" என்றார்.

பேரன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் நர்ஸிடம் ஓடிச் சென்று, "தாத்தாவுக்குக் கப்ராஹட்" என்றான். ஹிந்தியில் அச் சொல்லுக்கு நெஞ்சு படபடத்தல் என்றும் பொருள் உண்டு. மனக் கலவரம் என்றும் பொருள் உண்டு. குருவியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் இரண்டாவது பொருளைக் கொண்டு, அன்போடு வந்து அண்ணனின் தோளைத் தட்டி, பயப்பட வேண்டாம் என்று தேறுதல் கூறிச் சென்றார். அரை மணி கழித்து வழக்கம்போல் நாடி பார்க்க வந்தபோதுதான் அவர் முகம் மாறிற்று. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயம் நிமிடத்திற்கு 140 முறைக்கு மேல், ஓர் ஒழுங்கும் இன்றி அடித்துக்கொண்டிருந்தது.

சிகிச்சை வீணாயிற்று என்றே நாங்கள் எண்ணினோம். அண்ணி மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பணியிலிருந்த டாக்டர் அம்மையாரோ சிறிதும் பதறாமல் வேண்டிய மருந்தைக் குழாய் வழியே செலுத்தச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டார். இவருக்கு இதற்கு முன் இப்படிப் படபடப்பு வந்ததுண்டா? இங்கு வருமுன் என்னென்ன மாத்திரைகள் சாப்பிட்டு வந்தார், எதை எப்போது நிறுத்தினார்? தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவாரா?

அண்ணன் மகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேள்விகளைத் தமிழில் அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாகவே எப்போதாவது நள்ளிரவில் நெஞ்சு படபடக்கும், எழுந்து உட்கார்ந்திருப்பார், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். "பிள்ளைகள் பயப்படுவார்கள், சொல்லாதே என்றார்" என்றார் அண்ணி. குறட்டையோ, அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மாத்திரை? காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை உண்டு, இரண்டு இரவு இரயில் பயணத்தில் அது தீர்ந்துவிட்டது, பிறகு வாங்கவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும்போது மாத்திரைகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான். அண்ணன் சொன்னவற்றை எழுதினேன், அண்ணியைக் கேட்கவில்லை. அச் சின்ன வெள்ளை மாத்திரை என் பட்டியலில் இல்லை.

அன்று தொடங்கி இந் நோயைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கு எழுதுகிறேன். நான் டாக்டர் அல்லேன். யாருக்கு என்ன மருந்து என்பது அவரவர் டாக்டர் சொல்ல வேண்டியது.

இருதயத்திற்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறு திசு, நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின் தூண்டலை எழுப்புகிறது. அத் தூண்டல் முதலில் மேலறைகளைச் சுருக்குகிறது. நடுவே உள்ள ஒரு வாயிலில் கணநேரம் தயங்கி, பிறகு கீழறைகளைச் சுருக்குகிறது. தாளம் தவறாத இவ்வொழுங்குதான் நாம் மணிக்கட்டில் காணும் நாடி. சில வேளைகளில் மேலறைகளின் சுவரெங்கும் தாறுமாறான தூண்டல்கள் எழுந்து, நிமிடத்திற்கு 300 முதல் 600 வரை பெருகிவிடுகின்றன. அப்போது மேலறைகள் சுருங்குவதில்லை. நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கின்றன. நடு வாயில் அத்தனை தூண்டல்களையும் கீழே விடுவதில்லை என்பதால்தான் உயிர் நிற்கிறது. விடும் சிலவற்றையும் அது ஒழுங்கின்றி விடுகிறது. ஆகவே நாடி விரைந்தும், ஒன்றுக்கொன்று ஒவ்வாமலும் ஓடுகிறது. ஆங்கில வைத்தியத்தில் இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நாம் மேலறை நடுக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இருதய அறுவைக்குப் பின் இஃது எத்துணைப் பேருக்கு வருகிறது என்று அறிந்தபோது நான் வியந்தேன். பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வருகிறது. வால்வைச் சீர்படுத்தியவர்களுக்கும் மாற்றியவர்களுக்கும் அதனினும் கூடுதலாக வருகிறது. இரண்டும் சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் கூடுதல். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தோன்றுகிறது. அந் நாட்களில்தான் வெட்டுண்ட திசுக்களின் அழற்சி உச்சத்தில் இருக்கிறது. உடல் தன் அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற சுரப்புகளை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. ஏற்றிய திரவங்களால் மேலறைகள் விரிவடைகின்றன. இருதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் சிறிது இரத்தமும் நீரும் தேங்குகின்றன. ஆகவே மூன்றாம் நாள் நாடி தடுமாறினால், பொருத்திய குழாய் அடைபட்டது என்றோ டாக்டரின் கை தவறியது என்றோ உடனே முடிவு கட்டலாகாது. இருதயத்தை நிறுத்தி, இயந்திரத்தின் துணையோடு செய்தாலும் வருகிறது. இயந்திரமின்றி, துடிக்கும் இருதயத்தின்மீதே செய்தாலும் வருகிறது.

அப்படியானால் மூவரில் ஒருவருக்கு மட்டும் ஏன்? 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 17 நாடுகளில் 70 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4657 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். எல்லாவற்றிலும் முதன்மையாக நின்றது வயது. பத்து வயது கூடுந்தோறும் இந் நடுக்கம் வரும் வாய்ப்பு ஒன்றே முக்கால் மடங்காகப் பெருகுகிறது என்று கண்டார்கள். முதுமையில் மேலறைகளின் தசைக்கு இடையே நார்த்திசு படர்கிறது. மின் தூண்டல் நேர்வழியில் செல்லாமல் சுற்றி வளைத்துச் செல்ல அஃது இடம் கொடுக்கிறது. வயதை யாரும் மாற்ற இயலாது. ஆனால் எழுபதைக் கடந்த ஒருவரின் குடும்பம், இது வரக்கூடும் என்று முன்னரே அறிந்திருக்கலாம்.

அடுத்தது, முன்பே ஒருமுறையேனும் இந் நடுக்கம் வந்திருத்தல். அப்படி வந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் வரும் வாய்ப்பு இரு மடங்காகிறது. எங்கள் அண்ணன் இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்தது இதைத்தான். வந்து போய்விட்ட படபடப்பைப் பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி. காட்டாது. வந்த நேரத்தில் எடுத்தால்தான் தெரியும். இல்லையேல் நோயாளியோ உடனிருப்பவரோ வாய் திறந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. அது பீட்டா பிளாக்கர் என்னும் வகையைச் சேர்ந்தது. அட்டெனோலால், மெட்டோபுரோலால் முதலிய பெயர்களில் வரும். அட்ரினலின் இருதயத்தை விரட்டாமல் தடுப்பது இதன் தொழில். நெடுநாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்த விசை இரட்டித்து எழுகிறது. மேற்சொன்ன ஆராய்ச்சியில், அறுவைக்குப் பின் இம் மாத்திரை நிறுத்தப்பட்டவர்களுக்கு நடுக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் டாக்டர்களே சில நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு. அஃது அவர்கள் அறிந்து செய்வது. இரயிலில் தீர்ந்துபோனதால் நிற்பது வேறு. நம்மவர்களின் பெற்றோர் ஊரிலிருந்து புறப்படும்போது முறுக்கும் ஊறுகாயும் பத்து நாளைக்கு வருகின்றன; மாத்திரை இரண்டு நாளைக்குக்கூட வருவதில்லை.

வால்வு நோய் நம் நாட்டில் தனியே சொல்லத் தக்கது. குழந்தைப் பருவத்தில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து மூட்டு வலியோடு வரும் ருமாட்டிக் காய்ச்சல், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வைக் கெடுத்துவிடுகிறது. வழி குறுகிய மேலறை ஆண்டுக்கணக்காக விரிந்து விரிந்து பலூன் போல் ஆகிறது. விரிந்த அறையே நடுக்கத்தின் விளைநிலம். இவர்கள் முதியவர்கள் அல்லர். முப்பது நாற்பது வயதுப் பெண்கள் பலர். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்த கதை தாய்க்குத்தான் நினைவிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாளைய இரத்த அழுத்தம் மேலறைகளை விரியச் செய்கிறது. பீடி, சிகரெட்டினாலோ, பல்லாண்டு விறகடுப்புப் புகையினாலோ கெட்ட நுரையீரலும், மிகுந்த உடற்பருமனும், சிறுநீரகக் கோளாறும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆண்களுக்குப் பெண்களைக் காட்டிலும் சற்றே மிகுதி. குறட்டையை நாம் நகைச்சுவையாகவே கொள்கிறோம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருமாயின் அஃது ஒரு நோய். இருதயத்தை இரவெல்லாம் வருத்துவது. மதுப் பழக்கம் உள்ளவர் அதை டாக்டரிடம் மறைப்பதும், மனைவி மக்கள் மானத்திற்கு அஞ்சி அதற்குத் துணை நிற்பதும் பெரும் பிழை.

நோயாளியின் வாய்மொழி எத்துணை மதிப்புடையது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1912-இல் வென்கெபாக் என்னும் புகழ் பெற்ற இருதய வைத்தியரிடம் டச்சு வணிகர் ஒருவர் ஒழுங்கற்ற நாடியோடு வந்தார். இதை ஒழுங்குபடுத்த இயலாது என்றார் வைத்தியர். கீழ்த்திசை நாடுகளில் மலேரியாவுக்குக் குயினைன் உண்டு பழகிய அவ் வணிகரோ, தம்மால் இயலும் என்று சொல்லிப் போய், ஒரு கிராம் குயினைன் உட்கொண்டு, மறுநாள் சீரான நாடியோடு திரும்பி வந்தார். வென்கெபாக் அதை எள்ளி நகையாடவில்லை. 1914-இல் தம் நூலில் எழுதி வைத்தார். குயினைனின் உறவுப் பொருளான குயினிடின் பல்லாண்டுக் காலம் இந் நோய்க்கு மருந்தாக இருந்தது அதன் பின்னரே. (இதைப் படித்துவிட்டு யாரும் குயினைனைத் தேட வேண்டாம். அதற்கு இன்று வேறு நல்ல மருந்துகள் உள்ளன.)

தடுக்க வழி உண்டா என்றால், சில உண்டு. பல எதிர்பார்த்தபடி அமையவில்லை. பீட்டா பிளாக்கரைத் தொடர்வது பயன் தருகிறது. அமியோடரோன் என்னும் மருந்தை டாக்டர்கள் தக்கவர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பதுண்டு. மீன் எண்ணெய் தடுக்கும் என்று நம்பினார்கள். 2012-இல் 1516 பேரை வைத்துப் பார்த்தபோது பயன் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தடுக்கும் என்று நம்பினார்கள். 2016-இல் 1922 பேரிடம் பார்த்தபோது அதுவும் இல்லை. இரத்தத்தில் பொட்டாசியத்தை எப்போதும் உயர்வாக வைத்திருந்தால் வராது என்று மருத்துவமனைகள் நெடுநாளாகக் கருதி வந்தன. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1690 பேரிடம் நடத்திய சோதனை 2024-இல் வெளிவந்தது, அளவு 3.6-க்குக் கீழே இறங்கினால் மட்டும் கொடுப்பதும், 4.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் கொடுப்பதும் ஒரே பயனையே தந்தன. இங்கே இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டு வருவது அது. அதில் பொட்டாசியம் மிகுதி. அறுவைக்குப் பின் சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு அது கேடாகவும் முடியலாம். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எளிய முறை ஒன்று நல்ல பயன் தந்திருக்கிறது. இருதய உறையின் பின்புறத்தில் ஒரு சிறு வெட்டு வைத்து, அங்குத் தேங்கும் இரத்தமும் நீரும் இடப்பக்க நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளிக்குள் வடிந்துபோகச் செய்கிறார்கள். நியூயார்க்கில் 420 பேரிடம் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். வெட்டு வைக்காதவர்களில் 100-க்கு 32 பேருக்கு நடுக்கம் வந்தது. வைத்தவர்களில் 17 பேருக்கே வந்தது.

வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? இருதயத்தின் வேகத்தை மருந்தால் தணிப்பது ஒரு வழி; தாளத்தையே சீராக்க முயல்வது மற்றொரு வழி. 2016-இல் இவ்விரண்டையும் 523 பேரிடம் ஒப்பிட்டதில், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. அறுபதாம் நாளில் இரு பிரிவிலும் 100-க்கு 93 பேருக்கு மேல் நடுக்கம் நீங்கியிருந்தார்கள். இரத்த அழுத்தம் சரிந்துவிட்டால், நோயாளியைத் தூங்க வைத்து ஒரு கணம் மின்சாரம் செலுத்தித் தாளத்தைத் திருப்புகிறார்கள். "மின்சாரம் வைக்கிறார்களாம்" என்று கேள்விப்பட்டு வெளியே அழுது அரற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. சுருங்காமல் நடுங்கும் மேலறையில், அதிலும் இடப்பக்க மேலறையோடு ஒட்டிய சிறு பை போன்ற மூலையில், இரத்தம் தேங்கி உறைகிறது. அக் கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இதனால்தான் நடுக்கம் நீடித்தவர்களுக்கு, இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்தைப் பெரும்பாலும் இரண்டு மாதமளவு கொடுத்து, பிறகு மறுபடி பரிசோதித்து முடிவு செய்கிறார்கள். நாடி சீராகிவிட்டதே என்று அதை நாமாக நிறுத்தலாகாது. வார்ஃபரின் கொடுத்திருந்தால் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றி உண்பதுதான் தவறு. வலி மாத்திரையோ ஊர்ச் சூரணமோ டாக்டரைக் கேளாமல் கூடாது. ருமாட்டிக் வால்வு நோய் உள்ளவர்களுக்குப் புதிய மருந்தினும் வார்ஃபரின் வகையே நல்லது என்று 2022-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுதும் வார்ஃபரினே உட்கொள்ள வேண்டும்.

வீட்டில் நாடி பார்க்க எல்லோரும் பழகலாம். பெருவிரலின் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கையோடு ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். அழுத்தம் பார்க்கும் மின் கருவி, நாடி தாறுமாறாக இருக்கும்போது பிழையாகக் காட்டக்கூடும், விரலே மேல். நாடி தடுமாறினால் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மயக்கம், நெஞ்சு வலி, வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவைக்குப் பின் ஒருமுறை வந்தவருக்குப் பிற்காலத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களினும் மிகுதியாதலால், ஆண்டுகள் சென்ற பின்னும் கவனம் வேண்டும்.

என் அண்ணனுக்கு மறுநாள் மாலையே தாளம் திரும்பிற்று. இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். தை மாதம் எடுத்த ஈ.சி.ஜி. சீராக இருந்தது. ஊருக்குப் புறப்படுமுன், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, முன்பு வந்த படபடப்பின் விவரம் எல்லாவற்றையும் தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமுமாக ஓர் அட்டையில் எழுதினேன். இம்முறை அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அட்டையை அண்ணன் தம் சட்டைப் பைக்குக் கேட்டார். அண்ணி கொடுக்கவில்லை, தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். இரயில் புறப்படும்போது இருபது நாள் மாத்திரையும் அதே பையில்தான் இருந்தது.